குலுங்கிய கையெழுத்து

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு
இது இருபத்திரண்டாவது நடை.
மடியில் கோப்பு, கோப்பின்மேல் இந்த நோட்டு.
ஜன்னலோரம் கிடைத்தால் எழுதுவேன்.
கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி
மனசுக்குள் எழுதிக்கொண்டு
காட்பாடியில் இறங்கும் கூட்டத்துக்காகக் காத்திருப்பேன்.

முதல் பக்கத்தில்
'பள்ளியின் வளர்ச்சி' என்று தலைப்பு,
அடியில் சிவப்பில் இரண்டு கோடு.
அதன்கீழ் ஒட்டியிருப்பது
ஒரே ஒரு பயணச்சீட்டு.
அன்றைக்கு அலுவலர் வரவில்லை.

வைகாசி.
தீப்பெட்டிக் கம்பெனி காலி செய்த ஷெட் கிடைத்தது.
சுவரெல்லாம் மருந்து வாசனை.
ஃபர்ஹத் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாள்,
நான்காவது முறை நான் அடித்தேன்.
அவள் கணக்கு எடுப்பாள், உருதுவும்.
சம்பளம் பற்றி
இருவருமே வாய் திறக்கவில்லை.

ஆடி. சத்துவாச்சாரியிலிருந்து திரும்பும்போது.
தடையின்மைச் சான்று கேட்கப் போன இடத்தில்
தீயணைப்பு அதிகாரி கேட்டார்,
முன்னாடி அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது?
தீப்பெட்டி, என்றேன்.
பேனாவை மூடிவைத்துவிட்டு
என்னையே பார்த்தார்.
சிரிக்கலாமா என்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சிவப்பு வாளி நான்கு வாங்கினேன்.
உள்ளே போட மணல் வேண்டுமே,
கவுண்டன்யா ஆற்றில் இறங்கி
டம்ளரால் அள்ளிக்கொண்டிருந்தேன்.
கரையில் பைக்கை நிறுத்திய காவலர்
மணல் எதுக்கும்மா, என்றார்.
பள்ளிக்கூடத்துக்கு.
எத்தனை மாடி?
நாலு வாளி.
ஒரு வாளியைத் தூக்கி எடை பார்த்தார்.
சீக்கிரம் போங்க, என்றார்.

பலகையில் பள்ளி என்று எழுதக் கூடாதாம், சான்று வரும்வரை.
'மாலை வகுப்பு' என்று எழுதியிருக்கிறோம்,
பின்னால் மாற்ற வசதியாக
இடம் விட்டு.

ஐப்பசி.
மோர்தானா நிரம்பி வழிகிறது.
தரைப்பாலம் முங்கி, பஸ் ஊரைச் சுற்றிப் போகிறது.
ஒன்பது பேரில் நேற்று வந்தது நாலு பேர்.
ஆறு எங்கிருந்து வருது, சொல்லுங்க பார்ப்போம், என்றேன்.
பாவாடையைப் பிழிந்துகொண்டே தருணிகா சொன்னாள்,
எங்க வீட்லேர்ந்து டீச்சர்.
மலை, அணை என்று நான் தயாரித்து வைத்திருந்த பாடம்
அப்படியே பையில் இருக்கிறது.

கார்த்திகை. உட்கார இடமில்லை.
திலகேசன் வீட்டில் பூட்டு.
செருப்புக் கம்பெனி வேலைக்கு
குடும்பமே ஓசூர் போய்விட்டதாம்.
வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடிக்க
பென்சிலைத்தான் எடுத்தேன்.

பொறியாளர் வந்தார்.
தூணைத் தட்டினார், கூரையைப் பார்த்தார்,
டீயைப் பாதியில் வைத்துவிட்டு
இந்தக் கட்டடம் முப்பது வருஷம் நிற்கும் என்று
கையெழுத்துப் போட்டார்.
நாங்கள் எத்தனை வருஷம் நிற்போம் என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
ஃபர்ஹத் மீதி டீயைக் குடித்தாள்.

தை. இன்று.
லத்தேரிக்கு இந்தப் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ் வண்டி, முடிவில்லாத கூட்ஸ் வண்டி.
முன்சீட்டில் ஒருவர்
இலவம்பாடிக் கத்தரிக்காய்க் கூடையைத்
தன் குழந்தை மாதிரி அணைத்திருக்கிறார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
நோட்டை முதலிலிருந்து புரட்டினேன்.

எழுத்து முத்துமுத்தாக இருக்கும் பக்கமெல்லாம்
வண்டி எங்கோ நின்ற பக்கம்.
அலுவலர் சாப்பிடப் போயிருந்தது,
முத்திரை இல்லாமல் திரும்பியது,
டயர் பஞ்சராகி
புளியமரத்தடியில் வெயில் காய்ந்தது,
எல்லாம் அழகான கையெழுத்தில்.
தருணிகா சொன்னதை
மூன்று முறை முயன்றும் படிக்க முடியவில்லை.
நினைவிலிருந்துதான் மேலே எழுதினேன்.

கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
பிள்ளைகள், என்று ஆரம்பித்தேன்,
பென்சில்காரனையும் சேர்த்து 11.
தண்டவாளத்தில் ஏறி இறங்கியதில்
இரண்டாவது ஒன்றின் தலையில்
ஒரு கோடு இழுத்துக்கொண்டு
17 ஆகிவிட்டது.

அழிரப்பர் பைக்குள்தான் இருக்கிறது.