நூற்று எழுபத்தாறு

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறார்கள்.
சரக்கு ரயில், வால் இன்னும் கண்ணில் படவில்லை.
ஷேர் ஆட்டோவில் ஏழு பேர்.
மீன் வாடை என்னுடையதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டில்லிபாபுவின் போனில் செய்தி ஓடுகிறது.
இன்றைக்கு ஜனாதிபதி தேர்தலாம்.
நம் தொகுதி எம்.எல்.ஏ. கோட்டைக்குப் போய்
ஊதாப் பேனாவால் ஒரு பேருக்கு நேரே
ஒன்று என்று எழுதுவார்.
அந்த ஒன்றின் மதிப்பு
நூற்று எழுபத்தாறு.

"இன்னா கணக்குக்கா இது?
நமக்கெல்லாம் ஒன்னு, அவுருக்கு மட்டும்
நூத்தி எழுபத்தாறா?"

காசிமேட்டில் ஏலக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வகுக்காமல் எனக்குத் தூக்கம் வராது.
மாநிலத்து ஜனத்தொகையை
எம்.எல்.ஏ. தலைகளால் வகு.
வந்ததை ஆயிரத்தால் வகு.
உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு இருநூற்றெட்டு,
சிக்கிம்காரருக்கு ஏழு.
வஞ்சிரத்துக்கு ஒரு விலை,
காரப்பொடிக்கு ஒரு விலை.

ஆனால் ஜனத்தொகை என்றால்
இன்றைய ஜனம் இல்லை டில்லி.
எழுபத்தொன்றில் எண்ணியது.
அங்கேயே நிறுத்திவிட்டார்கள், இந்தக் கேட் மாதிரி.

எழுபத்தொன்றில்
தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவில்
சாக்பீஸால் எண் போட்டுவிட்டு
உள்ளே மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.
தேசிங்கு, துறைமுகத்தில் நிலக்கரி சுமப்பவர்.
மனைவி பச்சையம்மாள்.
ஆண் குழந்தை, வயது ஒன்று, ஏழுமலை.

அந்த ஐப்பசி மழையில் ஏழுமலைக்கு வாந்திபேதி.
காலரா ஆஸ்பத்திரி வாசலில்
ரிக்‌ஷாக்காரர் விடியும்வரை காத்திருந்தாராம்.
அப்பா வேறு வழியாக
நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறு ஆவணியில் நான் பிறந்தேன்.
ஓட்டு ஒன்று விட்டதில்லை,
விரல் மையோடு ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறேன்.
ஆனாலும் இந்த நூற்று எழுபத்தாறில்
நான் இல்லை. டில்லி, நீயும் இல்லை,
டியூஷனுக்குப் போகும் இந்தப் பெண்ணும் இல்லை.

பின்சீட்டு காதர் மொய்தீன் பாய் சிரிக்கிறார்:
"அப்ப நான் மூணாங்கிளாஸ்மா.
நான் கீறேன்."

அவர் இருக்கிறார்.
எரிந்து எத்தனையோ வருஷமான அப்பா இருக்கிறார்.
"அம்மா" என்பதைத் தவிர
வேறு சொல் கற்றுக்கொள்ளாத அண்ணன்
ஆயிரத்தில் ஒரு பங்காக,
ஊதாக் கோட்டில் ஏதோ ஒரு மயிரிழையாக
இன்றைக்குக் கோட்டையில் இருக்கிறான்.
யாருக்குப் போட்டாய் ஏழுமலை?
ரகசிய வாக்கெடுப்பு. சொல்லமாட்டான்.

கேட் தூக்குகிறது.
அத்தனை வண்டியும் ஒரே மூச்சில் ஹாரன்.
டில்லிபாபு கையைப் பின்னால் நீட்டுகிறான்,
தலைக்குப் பதினைந்து.
ஏழு தலை. கண்ணாடியில் பார்த்து
என்னையும் சேர்த்துத்தான் எண்ணுகிறான்.
என்னிடம் இருபதாக இருக்கிறது,
சில்லறை இல்லையாம்.