கடைமடை

மே மாதம். மின்விசிறிகூட
அனலைத்தான் சுற்றிவிடுகிறது.
"இப்ப வராதுங்க" என்றார் ஏழைகாத்தான்.
மேலூர்ப் பக்கம் கல்குவாரியில்
பதினெட்டு வருஷம் துளைமெஷின் பிடித்த கை.
"மார்கழி விடியக்காலைல வாங்க, காட்டுறேன்.
மூணு விரலும் சுண்ணாம்புக் கட்டி."

சூப்பர்வைசர் நம்பவில்லை.
முன்பு பார்த்த யாரோ சீட்டில் எழுதியிருக்கிறார்:
விரல்கள் இயல்பு.

ஊசி எப்போ என்றார்.
ஊசியே கிடையாது என்றேன்.
பாறையில் கயிறு கட்டித் தொங்கியவர்
அப்போதுதான் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

முஷ்டியை இறுக்கச் சொல்லி
மணிக்கட்டின் இரு நாடியையும் அழுத்தினேன்.
விரித்ததும் ஒன்றை மட்டும் விட்டேன்.
உள்ளங்கை சிவந்தது. விரல் நுனிகள் யோசித்தன.
"தலைமடைக்கு வந்துருச்சு" என்றார்,
பெரியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்தே வளர்ந்தவர்.
"எங்க வயலு எப்பவும் கடைமடை."

நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய். லென்ஸ்.
திரையில் இளஞ்சிவப்பில்
கொண்டை ஊசிகள், இடையிடையே சில காணாமல்.
"ஊசி இல்லேன்னீங்க!"
இருவரும் சிரித்தோம்.

ஆனால் நோய் மட்டும் வெளியே வரவில்லை.
ஃப்ரிட்ஜில் ஐஸ் இல்லை.
எதிர்த்த சர்பத் கடையில் சொல்லிவிட்டோம்,
பையன் ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தான்.
வெப்பமானி பதினைந்து காட்டும்வரை கலக்கினேன்.
அவர் கையோடு என் கையும், ஒப்பிட்டுப் பார்க்க.

ஐந்து நிமிஷம்.
எடுத்தபோது,
நடுவிரலில் கோடு கிழித்தாற்போல்
ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் மெழுகு.
டாப்ளரை வைத்தேன்.
அதுவரை உஸ் உஸ் என்றிருந்தது
வாயை மூடிக்கொண்டது.

எனக்குச் சந்தோஷம். சொல்லக் கூசுகிறது.
அவருக்கும்தான்.
"பாத்தீங்களா? பாத்தீங்கல்ல?
போட்டோ எடுங்க, தேதியோட எடுங்க."

என் விரல்கள் நாலு நிமிஷத்தில் சிவந்துவிட்டன.
பாவாடைக்குள் ஒளிக்கும் சிறுமிபோல்
மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அவருடையது: பத்து. பதினைந்து.
மாட்டுத்தாவணி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
இருபது.
வெள்ளை நீலமாகி, நீலம் எரிச்சலாகி,
இருபத்தாறில் முதல் உஸ்.
எழுதினேன். அடிக்கோடிட்டேன்.

வாளி வாங்கப் பையன் வந்து நின்றான்.
"ஐஸ் காசு, முப்பது."
நான் பையைத் திறக்குமுன் அவர்
சட்டைப்பையில் விட்டார் கையை.
பத்து ரூபாய் நாணயம் மூன்று.
இரண்டு வந்தன.
மூன்றாவது விரலைவிட்டு நழுவி
தரையில் கணீரென்று உருண்டதை
சத்தம் கேட்டுத்தான்
அவர் குனிந்து பார்த்தார்.