லாம்

ஸ்னேக் நகரத்துப் படகுத்துறையில் நவம்பர்.
தார்ப்பாய் போர்த்தித் தூங்கிய உல்லாசப் படகுகளில்
ஒன்றில் மட்டும் விளக்கு.

கட்டிலின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு
விட்ஸ்கெ குப்புறப் படுத்திருந்தாள்,
நெற்றியில் டார்ச், பல்லிடுக்கில் பென்சில்.
உள்ளே எட்டு நீல லித்தியம் செல்கள்
டியார்ட் தானே இழைத்த ஒட்டுப்பலகைப் பெட்டியில்,
மூலைகூடப் பிசகாமல்.
அழகான வேலை. அதைச் சொல்லவும் செய்தாள்.

பிறகு விரல் போன வழியெல்லாம் பென்சிலும் போயிற்று.
மின்முனைகளுக்கு மூடி இல்லை.
பெட்டியைத் தரையோடு பிணைக்கும் பட்டை இல்லை;
ஏரியில் ஒரு நல்ல அலை சாய்த்தால்
நாற்பது கிலோ எங்கே போய் உட்காரும்?
ஃபியூஸ் இருக்கிறது, கார் உதிரிக் கடையில் வாங்கியது;
இந்தச் செல்கள் ஒரு நொடியில் கொட்டும் மின்சாரத்துக்கு
அது, வெள்ளத்துக்குக் குடை பிடித்த மாதிரி.
பலகைக்கு அந்தப் பக்கமே டீசல் கணப்பு.
உறைகுளிரில் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் உணரியும் உண்டு,
அதன் வயர் எதிலும் சேராமல் தொங்குகிறது.

"ஐந்து கோடை ஓடியிருக்கு.
ஒரு பொறிகூடப் பறந்ததில்லை" என்றார் டியார்ட்.
ஓய்வு பெற்ற பல் டாக்டர்.
வலிக்காத பல்லைக் காட்டி இதையே சொன்னவர்களுக்கு
என்ன பதில் சொல்லியிருப்பார் என்று
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அறிக்கை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று
மெல்லச் சொன்னார்:
"மாற்ற வேண்டும் என்பதை
மாற்றலாம் என்று போடேன்.
காப்பீட்டுக்காரன் பார்ப்பான்."

எல்லா மொழியிலும் இருக்கும்போல
இந்தச் சின்ன வழுக்குப்பாறை.
செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்.
தரநிலை வகுக்கும் குழுக்கள்
காப்பி ஆறிப்போக, கண்ணாடிகள் மேசைமேல் கழன்று கிடக்க,
ஒரு பகல் முழுதும் சண்டை போடுவது
இந்த ஈரெழுத்துக்குத்தான்.

மூன்று வருஷம் முன்பு, க்ரோவில், வேறொரு படகுக்கு
"காற்றுவழி அமைக்கலாம்" என்று எழுதினாள்.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.
ஆகஸ்டில் அது எரிந்தபோது
ஊற்ற ஊற்ற அடங்கி, மறுபடி மூண்டது,
கால்வாய் நடுவில், சுற்றிலும் நீர் இருக்க.
குடும்பம் குதித்துத் தப்பியது.
சின்னவளின் இடதுகை மட்டும்
இன்னும் உறை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது.
விட்ஸ்கெயை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
தாளில் குற்றமில்லை.
லாம் என்றுதானே இருந்தது.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.
வேண்டும். வேண்டும். வேண்டும்.
ஆறாவது வரியில் மை திக்கியது;
உதறி, மறுபடி.

"அப்போ இன்றைக்கு?"
"இன்றைக்கு அணைக்க வேண்டும்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே குனிந்து
சிவப்புக் குமிழைத் திருகினார்.
விளக்கு போயிற்று. கணப்பின் விசிறி
கடைசியாக ஒரு மூச்சு விட்டது.
படகின் வயிற்றில் நீர் தட்டுவது கேட்டது.
வெளியே ஒரு வாத்து யாரையோ திட்டியது.

"பெட்டியையுமா?" என்றார் இருட்டில்.

அவள் நெற்றியில் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.
தலையைத் திருப்பி, அந்த மூலைப் பொருத்துகளை
வேண்டிய மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அதையும்தான்."