நூற்றுப் பத்துக் கண்ணிகள்

குளிரில் எழுப்பினால் மூன்று விநாடி
தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற சத்தம்.
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.
நவம்பரில் மூன்று. ஜனவரியில் ஏழு.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஹேன்காக் பட்டறைக்காரன் கேட்டது
மூவாயிரத்து இருநூறு டாலர்.
பிக்கப்பை விற்றால் கிடைப்பது மூவாயிரம்.
பள்ளிக்கூடச் சமையலறையில் நான் கிளறும் மக்ரோனியால்
அந்தத் தொகையை வகுத்துப் பார்த்துவிட்டு
கராஜில் ஹீட்டரைப் பற்றவைத்தேன்.

ஃபேன், பெல்ட், ரேடியேட்டர்.
பீட்சா அட்டையில் எஞ்சின் மூடியின் வடிவத்தை வரைந்து
எந்தத் துளையில் இருந்த போல்ட்டோ
அந்தத் துளையிலேயே குத்தி வைத்தேன்.
கிராங்க் கப்பியின் நடு போல்ட் மட்டும்
ஆறடிக் குழாயை மாட்டி நான் தொங்கியும்
அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரெய்னோ வுவோரினென்
நான்கு குளிர்காலமாக என்னோடு பேசுவதில்லை.
அவன் வேலிப் பக்கம் நான் தள்ளிவிட்ட பனி காரணம்.
நான் தொங்கிய சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
விடிந்தபோது வேலிக்கம்பத்தில்
ரொட்டிப் பையில் சுற்றி ஓர் இம்பாக்ட் துப்பாக்கி.
சீட்டு எதுவும் இல்லை.

மூடியைத் திறந்தால் வழிகாட்டிப் பட்டை ஒடிந்து
துண்டு துண்டாக எண்ணெய்த் தொட்டியில் கிடக்கிறது.
பழைய செயினைப் புதியதன் அருகே தொங்கவிட்டேன்.
ஒரு நகத்தின் அகலம் நீண்டிருந்தது.
அவ்வளவு போதும்,
வால்வு இறங்குகிற வேளையில் பிஸ்டன் ஏறி வர.

புதியதில் மூன்று கண்ணிகள் செம்பு நிறம்.
கிராங்கின் புள்ளிக்கு ஒன்று,
கேம்களின் கோடுகளுக்கு ஒவ்வொன்று.
நேர் பார்த்து மாட்டி
டென்ஷனரின் ஊசியை உருவினேன். டக்.

இனிக் கையால் இரண்டு சுற்று.
மெதுவாக. இரும்பு இரும்பை முட்டினால் நிறுத்த வேண்டும்.
முட்டவில்லை.
புள்ளி வந்தது, கோடுகள் வந்தன.
செம்பைக் காணோம்.
ஒன்று எங்கோ உச்சியில், ஒன்று பட்டைக்குப் பின்னால்,
மூன்றாவது தேடியும் தென்படவில்லை.

பிரித்தேன். மாட்டினேன். சுற்றினேன்.
மறுபடியும் காணோம்.
என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே ஃபின்னிஷ் சொல்லை
ஹீட்டரிடம் சொன்னேன்.

இரவு இரண்டு மணிக்கு
மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
கிராங்குக்குப் பல் இருபத்தொன்று.
கேமுக்கு நாற்பத்திரண்டு.
செயினுக்குக் கண்ணி நூற்றுப் பத்து.
சக்கரங்கள் இரண்டே சுற்றில் வீடு திரும்பிவிடும்.
செயினுக்கு வழி நீளம்.
செம்பும் புள்ளியும் மறுபடி முகம் பார்க்க
கிராங்க் நூற்றுப் பத்து முறை சுற்ற வேண்டும்.

தப்பு எதுவும் நடக்கவே இல்லை.
சரியாக இருந்ததை
ஒருமுறை கழற்றிவிட்டேன்,
இரண்டாம் முறைக்கு ஸ்பானரை எடுத்திருந்தேன்.
இந்த இடத்தில் என் கல்யாணம் உவமையாக வந்து நிற்கிறது.
வேண்டாம்.
அது உண்மையிலேயே பல் தாவியிருந்தது.

சாவியைத் திருகினேன்.
கூழாங்கல் இல்லை.
நிமிடத்துக்கு அறுநூற்று அறுபது சுற்று.
அப்படியானால் பத்து விநாடிக்கு ஒரு தடவை
மூடிக்குள், எண்ணெய் இருட்டில்,
மூன்று செம்பும் தத்தம் இடத்தைத் தொட்டுவிட்டுப் போகின்றன.
எப்போது என்று எனக்குத் தெரியாது.
தெரிந்தவள் போலக் கடிகாரத்தைப் பார்த்து
இப்போது என்றேன்.
பத்து விநாடி கழித்து
இப்போது.

ஐந்து மணிக்குப் பனிவாரியை மாட்டினேன்.
இந்தத் தடவை எல்லாவற்றையும் என் பக்கமே குவித்தேன்.
வேலிக்கம்பத்தில் ரொட்டிப் பையைத் தொங்கவிட்டபோது
ரெய்னோவின் அடுக்களை விளக்கு எரிந்தது,
அணைந்தது.

சட்டைப்பையில் ஒரு போல்ட் மிச்சம்.
பத்து மில்லிமீட்டர் தலை.
அட்டையில் எல்லாத் துளைகளும் காலி.