புதுவயலில் மோட்டார் கட்டும் கடை

ரைஸ்மில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.
கருகிய வார்னிஷ் வாசம்.
சூசைமாணிக்கத்துக்கு இப்போது ஏடிஎம் வாசலில் காவல்.
ஷிப்ட் முடிந்து காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கி
எண்பத்தெட்டை மறுபடி கிளப்புகிறான்.

"அமைதி காக்கப் போனோம்.
குழாயில தண்ணி வருதா, பல்பு எரியுதான்னு பாக்குறது
பட்டாளத்து வேலையாடா?"

ஊரடங்கு போட்டது நாம்.
சந்தையை மூடியது நாம்.
பூட்டியவனிடம்தானே சாவி கேட்பார்கள் என்றேன்.

"சாவி டெல்லியில இருந்துச்சு.
நமக்குத் தந்தது காஞ்ச ரொட்டி,
எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியாத பயம்.
லீவு கேட்டு எட்டு மாசம்.
தங்கச்சி கல்யாணத்தை போட்டோவுலதான் பாத்தேன்."
அதுவும் பொய்யில்லை.

நான் கிணற்றைச் சொன்னேன்.
நாங்கள் முகாம் போட்ட பள்ளிக்கூடத்தில்
ஜெனரேட்டர் டீசல் கசிந்து இறங்கிய கிணறு.
குடத்தோடு வந்தவள் தமிழில் கேட்டாள்.
கேப்டனுக்கு நான்தான் இந்தியில் சொன்னேன்.
அவர் சொன்னதை
நான் தமிழில் சொல்லவில்லை.
"நாளைக்கு" என்றேன்.

மறுநாள் விடியுமுன்னே வேறு ஊருக்கு லாரி ஏறினோம்.

சூசை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்,
ஆறிய பிறகும்.
"அது உப்புக் கிணறுதானடா" என்றான்.

செம்புக் கம்பியின் முனை கையில் குத்தியது.
இல்லை சூசை.
போய் இறங்கிய அன்று
அவள்தான் இறைத்து ஊற்றினாள்,
நாம் இரண்டு பேரும் கையேந்திக் குடித்தோம்.
நல்ல தண்ணீர்.