நாற்பத்தைந்து பாகை

முதலில் கடலை நிமிர்த்தினேன்.
காசிமேட்டில் லேசாக வயிறு தள்ளும்,
எண்ணூர் முகத்துவாரத்தில் வாய் பிளக்கும்.
அதெல்லாம் தாளுக்கு ஆகாது.
மேலிருந்து கீழே ஒரே கோடு, வெளிர்நீலம்,
அலை கிடையாது.

நிமிர்ந்து நில், இல்லையேல் படு,
சாய்ந்தே ஆகவேண்டுமென்றால் நாற்பத்தைந்து பாகை.
வேறு எந்தக் கோட்டையும் உள்ளே விடுவதில்லை நான்.
பேசின் பிரிட்ஜில் தண்டவாளம்
யோசித்து யோசித்து எடுக்கும் வளைவை
முழங்கை மடக்குவதுபோல் ஒரே மடிப்பில் முடித்தேன்.

பெயர்கள்தான் படுத்தின.
தேரடியின் இரட்டைக்கொம்பு போய் நீலக்கோட்டில் இடித்தது.
கொருக்குப்பேட்டையின் கால்கள்
தண்டையார்பேட்டையின் தலையில் நின்றன.
எழுத்தைச் சாய்த்தால் இடம் கிடைக்கும்;
ஆனால் படிக்கிறவர் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை,
கழுத்தையும் சாய்க்கச் சொல்ல மனசில்லை.

வண்ணாரப்பேட்டை இரண்டு:
ஒன்று தரையில், ஒன்று தரைக்கு அடியில்.
ஒட்டி வரைந்தால் அழகு.
என் செருப்பு சொன்ன கணக்கு பதினேழு நிமிஷம்,
அதில் நான்கு ஒரு மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டது.
புள்ளிபுள்ளியாக நீட்டினேன்,
அழகு கொஞ்சம் கெட்டது.

கொருக்குப்பேட்டை டீக்கடைச் சுவரில்
வரைபடத்தை ஒட்டிவிட்டு ஓரமாக நின்றேன்.
செய்யது மீரான் வந்தார், கன்டெய்னர் கிடங்கில் வேலை.
"செவப்பு எது, பச்ச எது?
எனக்கு ரெண்டும் ஒரே மண்ணு.
அதுனாலதாம்மா லைசென்ஸ் குடுக்கல."
அன்றிரவே ஒரு கோட்டைத் தடிப்பாக்கி
இன்னொன்றின் நடுவே வெள்ளை ஓட்டினேன்.

ஸ்டான்லியில் ராத்திரி டூட்டி முடித்து வந்த
அமலோற்பவம் விரல் வைத்துத் தேடினாள்.
"நல்லாத்தான் கீது. கேட் எங்க?"

எந்த கேட்?

"இன்னா கேள்வி இது.
பாதி ஆயுசு அங்கதான நிக்கறோம்.
இந்த ஒரு வெரலுக்குள்ள
எத்தினி கூட்ஸு போவும் தெரியுமா ஒனக்கு?"

நிலையத்துக்கு நிலையம் பதினெட்டு மில்லிமீட்டர்,
எல்லா இடைவெளியும் சமம்:
அதுதான் என் பெருமையாக இருந்தது அதுவரை.
அவள் விரலை எடுத்த பிறகும்
அந்த இடத்தில் ஒரு ஈரம்.

அலுவலகம் நுங்கம்பாக்கத்தில்.
ஹரிநாராயணன் தூரத்திலிருந்து பார்த்தார்,
கண்ணைச் சுருக்கி, அருகில் வந்து.
நேர்த்தி என்றார்.
கேட் போக்குவரத்து ஆகாது, நீக்கிவிடு என்றார்.
பிறகு பேனா மூடியால் மேல்மூலையைத் தட்டி,
"குறிவிளக்கம், விளம்பரம், திசைகாட்டி
எல்லாத்தையும் இங்க வை.
வடக்குல எடம் காலியாதான இருக்கு."

காலி.
விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்,
அத்தனை பேரையும் ஒரு பெட்டிக்கு அடியில் போட்டுப்
பெட்டியில் எழுதச் சொல்கிறார்:
வட்டம் என்றால் நிலையம்.

பெட்டியைக் கடலுக்குத் தள்ளினேன்.
அங்கே யாரும் இறங்குவதில்லை என்று
ஒரு மின்னஞ்சலும் எழுதினேன்.
எழுதியபோதே தெரியும் அது பொய்.
விடியுமுன் லாஞ்சுகள் புறப்படும் இடத்தில்தான்
விளம்பரக் கட்டணம் பற்றிய வரி விழுந்திருக்கிறது.
வேறு வழி தோன்றவில்லை, இன்றுவரை.

கேட்டை நீக்கவில்லை.
கோட்டுக்குக் குறுக்கே இரண்டு சின்னக் கீறல்,
விளக்கம் இல்லாமல்.
தெரிந்தவருக்குத் தெரியும்.

அச்சகத்திலிருந்து போன் வந்தபோது
நான் அங்கேதான் நின்றிருந்தேன்,
பைக்குகளுக்கும் பள்ளி ஆட்டோவுக்கும் நடுவில்,
முப்பதோ முப்பத்தொன்றோ, எண்ணிக்கை தவறிவிட்டது.
"மேடம், கொருக்குப்பேட்டைகிட்ட
ரெண்டு கீறல் தப்பா வுழுந்துகீது,
அழிச்சிடட்டா?"
இருக்கட்டும் என்றேன்.
என்ன என்றான்.
இருக்கட்டும்.
வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன,
அவனுக்குக் கேட்கவில்லை.