பதினாறு ஜிபி

பாபுராவ் தெருவில் லாட்ஜுகளுக்கு நடுவே
ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை.
ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்.
கடைசி வரி பலகையில் வெளுத்துப்போச்சு.
அதைக் கேட்டு இப்போது வருவது
லாரிக்காரர்களும் இரவுக் காவல்காரர்களும்தான்.

அவள் வாய் திறக்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினாள்:
எல்லாரும் கட்டாயம் கேட்கவேண்டிய பாட்டு.
எல்லா வகையும். பதினாறு ஜிபி.
புதன்கிழமை எனக்குக் காது திறக்கிறார்கள்.

நுஸ்ரத். பேரணாம்பட்டு.
ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலை.
பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல்,
பதினோரு வருஷமாய் உதடுகளைப் படிக்கிறாள்.
என் மீசை இடைஞ்சலாம். அதையும் எழுதினாள்.

'எல்லாரும்' என்கிற சொல்லில் மாட்டிக்கொண்டேன்.
வருகிறவன் 'புதுசு போடுப்பா' என்பான், போடுவேன்.
எது நல்லது என்று இந்தக் கடையில்
யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
காசிமேட்டில் ஒரு சாவுக்குப் பாடிய கானா,
செத்தவன் வைத்த கடனையும் சேர்த்துப் பாடுவது.
மேல்விஷாரத்து உருஸ் ராத்திரியின் கவ்வாலி,
கைதட்டல் பாட்டை முந்திக்கொண்டு ஓடும் இடம்வரை.
கல்யாணியில் ஒரு நாகஸ்வரம், நாற்பது நிமிஷம்,
நடுவில் யாரோ பந்திக்குக் கூப்பிடுகிறார்கள்.
நான்கு குரலில் ஒரு கீர்த்தனை,
அடியில் உருளும் தடித்த குரல் எங்கள் தபால்காரர் ஏசையா.
தகப்பனை வைத்தியத்துக்குக் கூட்டிவந்த வங்காளிப் பையன்
ஹெட்போனுக்குக் காசு குறைந்த அன்று
எனக்கு ஏற்றித் தந்த படகுப் பாட்டு.
இஞ்சினீரிங் படிக்கும் மணிப்பூர்ப் பெண் கொடுத்த ராக்,
ஒரு சொல் புரியாது,
ஆனால் வாடகை ஏற்றிய மாதம் முழுக்க அதைத்தான் கேட்டேன்.

அப்புறம் சினிமாவில் கை வைத்தேன்.
பன்னிரண்டு ஜிபி போயே போச்சு.

மிச்சம் இருந்த ஓரத்தில்
ஆரணிப் பக்கம் நானே போனில் பிடித்த கூத்து,
விடிகாலை மூணு மணி, காற்று இரைச்சல் வேறு.
வேண்டாமென்று எடுத்தேன். திரும்பப் போட்டேன்.

மூணு வாரம் கழித்து வந்தாள்.
அவள் குரலை அன்றுதான் கேட்டேன்,
சத்தமாய், மேடுபள்ளம் இல்லாமல்:
"அண்ணா, இன்னா பாட்டு இதெல்லாம்?
தகர டப்பாவுல ஆணி போட்டு ஆட்டுற மாதிரி கீது."
நாகஸ்வரமும் கிட்டாரும் அவளுக்கு ஒரே வாத்து.
தபால்காரர் வெறும் மிக்சி.
கம்பி வழியாய் வரும் காதுக்குச் சுருதி ஏறாதாம்,
ஏறினாலும் வருஷம் ஆகுமாம்,
டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருக்கிறார்.
எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கார்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.
கொடுக்கவில்லை.
"அந்த மத்தளம் மட்டும் வருது" என்றாள்.
பெஞ்சில் விரல்களால் அடித்தும் காட்டினாள்,
தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.
பதினோரு வருஷம் தையலை எண்ணிய விரல்கள்.

"நடுவுல ஒருத்தர் இன்னாவோ விக்கிறாரே, யாரது?"

நூறு தடவை கேட்ட பதிவு.
விற்கிறவர் யாரும் அதில் இல்லை என்றேன்.
இருக்கிறார் என்றாள்.

அவள் போனபின் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தேடினேன்.
பதினேழாம் நிமிஷம், வேஷக்காரர் மூச்சு வாங்கும் நேரம்,
கூட்டத்தின் பின்னாலிருந்து மெல்ல
'சுக்குக் காப்பி, சுக்குக் காப்பி' என்று
மத்தளத்தின் இரண்டு அடிகளுக்கு இடையே
ஒருவர் நடந்து போகிறார்.